ஜானி வில்கின்சன்: அந்த ஒரு உதையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் பேசுவோமா?

கோல்கம்பம்

நவம்பர் 22 வந்தால் போதும், அந்தத் துண்டுக் காணொளி எல்லாக் குழுக்களிலும் சுற்ற ஆரம்பித்துவிடும். சிட்னி, 2003 ரக்பி உலகக் கோப்பை இறுதி ஆட்டம், கூடுதல் நேரம் முடிய 26 நொடி. ஜானி வில்கின்சன் வலது காலால் உதைக்கிறார், பந்து கம்பங்களுக்கு நடுவே போகிறது, இங்கிலாந்து 20, ஆஸ்திரேலியா 17. அதோடு அவர் கதையே முடிந்தது போல எல்லோரும் அடுத்த காணொளிக்குப் போய்விடுகிறார்கள். அன்றைக்கு அவருக்கு வயது 24தான். அதற்குப் பிறகு பத்தரை வருஷம் ரக்பி ஆடியிருக்கிறார்.

என் கட்சி இது: வில்கின்சன் ஆடியதிலேயே சிறந்த ரக்பி 2003இல் இல்லை. 2013, 2014இல், பிரான்ஸின் துலோன் அணியில்தான். 2003இல் அவரைச் சுற்றி உலகத்திலேயே பலமான முன்வரிசை (மோதிப் பந்தை வென்று தரும் எட்டுப் பேர்) இருந்தது, கேப்டன் மார்ட்டின் ஜான்சன் இருந்தார். துலோனில் அந்த அணியை உருட்டிச் சென்றவரே இவர்தான்.

ஆரம்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1979இல் சர்ரேயின் ஃப்ரிம்லியில் பிறந்தவர். பள்ளியில் அவருக்கு ரக்பி சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஸ்டீவ் பேட்ஸ், பிறகு நியூகாசில் அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். அந்த வழியில்தான் பையனும் பல்கலைக்கழக இடத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு 1997இல் வடக்கே போனான். போன முதல் பருவத்திலேயே நியூகாசில் லீக் பட்டம் வென்றது. 1998 ஏப்ரலில், 18 வயதில், அயர்லாந்துக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இங்கிலாந்துக்கு இறங்கினார். இரண்டு மாதம் கழித்து பிரிஸ்பேனில் முதல்முறையாகத் தொடக்கத்திலிருந்து ஆடினார். முடிவு: ஆஸ்திரேலியா 76, இங்கிலாந்து 0.

இதிலிருந்து ஐந்து வருஷத்தில் உலகக் கோப்பை. சரி, யாருக்கு என்ன மாற்றுக் கருத்து?

பத்தாம்நம்பர்

இங்கிலாந்துக்காக 91 டெஸ்ட் (நாடுகளுக்கிடையிலான ஆட்டம்), 6 டிரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது). நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

நியூசிலாந்தின் டான் கார்ட்டர் 112 டெஸ்டில் 29 டிரை போட்டார், 1,598 புள்ளி எடுத்தார். ரெண்டு பேரும் ஒரே இடத்தில், அணியின் ஆட்டத்தை நடத்துகிற பத்தாம் எண் சட்டையில் ஆடியவர்கள்தான். ஒருவர் ரக்பி ஆடினார். இன்னொருவர் பெனால்டி எப்போது கிடைக்கும் என்று காத்திருந்தார்.

கீதா_வே

அண்ணா, நான் இந்த ஆட்டத்தைப் போன வருஷம்தான் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு சந்தேகம். அந்தக் காணொளியில் அவர் பந்தைக் கையிலிருந்து கீழே விட்டு உதைக்கிறார். பெனால்டிக்கு மட்டும் தரையில் நிற்க வைத்து உதைக்கிறார்கள். ரெண்டுக்கும் ஒரே புள்ளியா? அப்புறம், அது அவ்வளவு கஷ்டமா? கம்பங்களுக்கு நேரெதிரேதானே நின்றார்?

ஈஸ்ட்ஹாம்வாசி

கீதா, இரண்டுக்கும் 3 புள்ளிதான். ஆனால் பெனால்டி உதைக்கும்போது யாரும் உங்கள் பக்கம் வரக் கூடாது. மூச்சு வாங்கி, பந்தை நிறுத்தி, நிதானமாக உதைக்கலாம். நீங்கள் பார்த்த அந்தக் கையிலிருந்து விட்டு உதைக்கிற டிராப் கோல் ஓடுகிற ஆட்டத்துக்கு நடுவில். பந்து தரையில் பட்டு எழும் அந்தக் கணத்தில் கால் பட வேண்டும், எதிரணி ஆட்கள் உங்களை நோக்கிப் பாய்ந்து வந்துகொண்டிருப்பார்கள். ரக்பிப் பந்து உருண்டை இல்லை என்பதையும் மறக்காதீர்கள், கொஞ்சம் சாய்ந்து விழுந்தால் எங்கே எழும்பும் என்று சொல்ல முடியாது.

அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தை ஒருமுறை மெதுவாகப் பாருங்கள். இடைவேளையில் இங்கிலாந்து 14-5 என்று முன்னிலை. அதற்குப் பிறகு ஆஸ்திரேலியாவின் எல்டன் ஃப்ளாட்லி பெனால்டி பெனால்டியாக உதைத்து, 80ஆவது நிமிடத்தில் 14-14 ஆக்கிவிட்டார். கூடுதல் நேரத்தில் வில்கின்சன் ஒன்று உதைத்தார், 17-14. ஃப்ளாட்லி மறுபடி சமன் செய்தார், 17-17. அப்போது மிச்சம் இரண்டு நிமிடத்துக்கும் கொஞ்சம் மேல்.

ஆஸ்திரேலியப் பாதியில் இங்கிலாந்துக்கு ஒரு லைன்-அவுட் (பந்து பக்கக் கோட்டைத் தாண்டினால், வரிசையாக நிற்கும் இரு அணியினருக்கு நடுவே அதை உள்ளே எறிவது). ஸ்டீவ் தாம்சன் பக்கத்தில் நிற்பவருக்கு எறியாமல் வரிசையின் கடைசி ஆளான லூயிஸ் மூடிக்கு எறிகிறார். மழை ஈரத்தில், அந்த நேரத்தில், அவ்வளவு தூரம் எறிவது பெரிய துணிச்சல். மூடி பிடிக்கிறார். மைக் கேட் நடுவில் போய் மோதுகிறார். அங்கிருந்து மேட் டாசன் இடைவெளி கண்டு இருபது மீட்டர் ஓடி விழுகிறார். இப்போது சிக்கல்: பந்தை வில்கின்சனுக்குக் கொடுக்க வேண்டிய டாசன் குவியலுக்கு அடியில் கிடக்கிறார். உடனே ஜான்சன் பந்தை வாங்கி இன்னொரு தடவை முட்டுகிறார். முன்னேற வேண்டும் என்பதற்காக இல்லை, டாசன் எழுந்து வர நேரம் கொடுப்பதற்காக. டாசன் வந்து சேர்ந்தார், கொடுத்தார். பந்து வில்கின்சனின் வலது பக்கமாக வந்தது.

அவர் இடது கால்காரர். அதே ஆட்டத்தில் அதற்கு முன் டிராப் கோல் முயன்று மூன்று தடவை தவறவிட்டிருந்தார். இடது காலுக்கு மாற்ற நேரம் இல்லை, அதனால் வலது காலால் உதைத்தார்.

பத்தாம்நம்பர், இதை "காத்திருந்தார்" என்கிறீர்களே?

பத்தாம்நம்பர்

நீங்களே சொல்லிவிட்டீர்களே. தாம்சன் எறிந்தார், மூடி பிடித்தார், டாசன் ஓடினார், ஜான்சன் யோசித்தார். கடைசியில் ஒருவர் உதைத்தார். சிலை யாருக்கு?

1999 உலகக் கோப்பைக் காலிறுதியில், பாரிஸில், தென்னாப்பிரிக்காவின் யானி டி பீர் ஒரே ஆட்டத்தில் ஐந்து டிராப் கோல் போட்டு இதே இங்கிலாந்தை வீட்டுக்கு அனுப்பினார். 44-21. அன்றைக்கு வில்கின்சனை வெளியே உட்கார வைத்துவிட்டு பால் கிரேசனைத்தான் முதலில் இறக்கினார்கள். டி பீரை உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று யாராவது சொல்கிறோமா?

கண்டிக்காரன்

எங்கட பக்கம் பள்ளிக்கூட றக்பி பெரிய விசயம். நானும் சின்ன வயதிலே பத்தாம் இலக்கத்துக்கு விளையாடினவன், அதனால் ஒன்று சொல்லுறன்.

அந்த இலக்கத்தில் விளையாடுகிற ஆள் பொதுவாக மெலிந்தவன். எதிரணியின் பெரிய உடம்புக்காரர் எல்லாம் அவனைப் பார்த்துத்தான் ஓடி வருவினம். அதனால் பல அணிகள் அவனைத் தடுப்பாட்டத்தின்போது பின்னுக்கு ஒளித்து வைக்கும், மற்றவர் அவனுக்காக டேக்கிள் பண்ணுவினம் (பந்தோடு வாறவனைப் பிடிச்சு விழுத்துறது). கார்ட்டர் நல்லாத் தடுப்பார், அதை மறுக்க ஏலாது. ஆனால் வில்கின்சன் மாதிரித் தேடிப்போய் மோதின பத்தாம் இலக்கக்காரனை நான் காணேல்லை. 2000இல் பாரிசில் பிரான்சின் எமில் நட்டமாக்கை அடித்த டேக்கிளைப் பாருங்கோ. நட்டமாக் எவ்வளவு பெரிய ஆள்! தூக்கிப் பின்னால் சாய்த்தார். அந்த ஆட்டம் 15-9, இங்கிலாந்தின் 15 புள்ளியும் அவருடையதுதான், ஆனால் அந்த நாளை நினைக்கிறவை எல்லாரும் டேக்கிளைத்தான் சொல்லுவினம்.

தம்பி பத்தாம்நம்பர், டிரைக் கணக்கில் இதை எங்கே போடுறது?

விலையும் கொடுத்தார். உலகக் கோப்பை வென்ற அடுத்த மாதமே கழுத்தும் தோளும் போய், 2004 தொடக்கத்தில் கழுத்தில் அறுவைச் சிகிச்சை. பிறகு மேல்கையில் இரத்தக்கட்டு. அந்த நேரம்தான் இங்கிலாந்து அவரை கேப்டனாக அறிவித்திருந்தது, களம் இறங்கவே முடியேல்லை. பிறகு முழங்கால், திரும்பவும் முழங்கால், குடல்வால், இடுப்பு, 2006 கடைசியில் சிறுநீரகம் கிழிந்தது. சிட்னி இறுதியாட்டத்துக்கும் அடுத்த இங்கிலாந்து ஆட்டத்துக்கும் இடையில் 1,169 நாள்.

இன்னொன்றும் சொல்ல வேணும். ஈஸ்ட்ஹாம்வாசி அண்ணை சொன்ன அந்த லைன்-அவுட்டை எறிந்த ஸ்டீவ் தாம்சன், தனக்கு இள வயதிலேயே மறதி நோய் வந்திட்டது என்று 2020இல் வெளியில் சொன்னார். அந்த உலகக் கோப்பையை வென்றதே அவருக்கு நினைவில் இல்லையாம். தலையில் வாங்கின அடிகள்தான் காரணம் என்று வழக்குப் போட்ட பழைய வீரர்களில் அவரும் ஒருவர். அதனால் இப்ப பழைய டேக்கிள் காணொளிகளைப் பார்த்து முந்தி மாதிரிக் கைதட்ட எனக்கு மனம் வருகுதில்லை. வில்கின்சனுடையதையும் சேர்த்துத்தான்.

கோல்கம்பம்

கண்டிக்காரன் சொன்னதுதான் என் வாதத்துக்கே அடிப்படை. 24 வயதிலிருந்து 27 வயது வரை, ஆட்டக்காரனுக்கு உடம்பு உச்சத்தில் இருக்கிற காலம் முழுக்க, அவர் மருத்துவர்களோடுதான் இருந்தார். திரும்பி வந்தது 2007 பிப்ரவரி 3, ஸ்காட்லாந்துக்கு எதிராக. 42-20. டிரை, கன்வர்ஷன் (டிரைக்குப் பிறகு கிடைக்கும் உதை), பெனால்டி, டிராப் கோல் நான்கும் போட்டு 27 புள்ளி. (அந்த டிரையில் கால் கோட்டுக்கு வெளியே பட்டதா இல்லையா என்று ஸ்காட்லாந்துக்காரர்களிடம் கேட்டால் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள். எனக்கும் பட்ட மாதிரிதான் தெரிகிறது.)

அதே வருஷம் உலகக் கோப்பை. குழு ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவிடம் 36-0 என்று தோற்ற அணி. அதில் அவர் ஆடவில்லை, கணுக்கால் காயம். அந்த அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார்கள். காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 12-10, அந்த 12ம் அவருடைய நான்கு பெனால்டிகள். அரையிறுதியில் பிரான்ஸை 14-9, கடைசி நிமிடங்களில் ஒரு டிராப் கோல். இறுதியில் தென்னாப்பிரிக்காவிடம் 15-6, அந்த ஆறும் இவர். இரண்டு உலகக் கோப்பை இறுதிகளில் புள்ளி எடுத்த முதல் ஆள் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அழகான ரக்பியா என்றால், இல்லை. பார்க்கவே சலிப்பாக இருந்த அணி அது.

பழங்கணக்கு

தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகிப் போகிறேன், நிர்வாகி மன்னிக்கவும். அந்த 2007 ஸ்காட்லாந்து ஆட்டத்துக்குக் கொடுக்கும் கோப்பையின் பெயர் கல்கத்தாக் கோப்பை. நம் ஊர் வெள்ளி ரூபாயை உருக்கிச் செய்தது!

1870களில் கல்கத்தாவில் இருந்த ஆங்கிலேயர்கள் ஒரு ரக்பி கிளப் வைத்திருந்தார்கள். ஆரம்பத்தில் உறுப்பினர்களுக்கு மது இலவசம். அதை நிறுத்தியதும் கூட்டம் கலைந்துவிட்டது, மிச்சம் இருந்தவர்களும் போலோ, டென்னிஸ் பக்கம் போய்விட்டார்கள். கிளப்பை மூடும்போது வங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து, உருக்கி, கோப்பையாக்கி லண்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள். கைப்பிடிகள் மூன்று நாகப்பாம்புகள், மூடியின் மேல் யானை. 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதற்குத்தான் மோதுகின்றன. 1988இல் இரு அணி வீரர்கள் குடித்துவிட்டு எடின்பரோ தெருவில் அதையே உதைத்து நசுக்கிவிட்டது தனிக்கதை.

சரி, நீங்கள் தொடருங்கள்.

கீதா_வே

பழங்கணக்கு சார், இது எனக்குத் தெரியவே தெரியாது. யானையும் பாம்புமா!

இன்னொரு கேள்வி. உதைப்பதற்கு முன் கையிரண்டையும் கோர்த்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, ஏதோ வேண்டுதல் மாதிரி நிற்கிறாரே, அது என்ன? சாமி கும்பிடுகிறாரா?

ஈஸ்ட்ஹாம்வாசி

சாமி இல்லை. வெளிச் சத்தத்தை ஒதுக்கித் தன் மையத்துக்கு வருவதற்கு அவர் பழகிக்கொண்ட நிலை. 2003இல் இங்கிலாந்தில் தெருவில் பந்து உதைக்கிற ஒவ்வொரு பையனும் அப்படித்தான் நின்றான்.

அவருக்கு உதை சொல்லிக்கொடுத்தவர் டேவ் ஆல்ரெட். இவர்கள் வைத்திருந்த உத்தி ஒன்று உண்டு. கம்பங்களுக்கு நடுவே எங்கோ உதைக்காமல், கம்பங்களுக்குப் பின்னால் பார்வையாளர் வரிசையில் டோரிஸ் என்றொரு பெண்மணி உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்வது. அந்த அம்மா கையில் ஒரு குளிர்பான டின். அதைத் தட்டிவிடுவதுதான் குறி. கம்பங்களுக்கு இடையே ஐந்தரை மீட்டருக்கு மேல் இடம் இருக்கிறது, கையிலிருக்கும் டின்னைக் குறிவைத்தால் கொஞ்சம் தவறினாலும் பந்து உள்ளேதான் போகும்.

பயிற்சி விஷயத்தில் மனிதர் அளவு தெரியாதவர். கிறிஸ்துமஸ் அன்றைக்கும் போய் உதைத்திருக்கிறார். எல்லோரும் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. ஒரே அசைவை இடுப்பும் தொடையும் எத்தனை ஆயிரம் தடவை தாங்கும்? அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார், ஆட்டத்துக்கு முன் வரும் பயமும் பதற்றமும் தன்னைத் தின்றன என்று. உலகக் கோப்பை வென்ற சந்தோஷம்கூட அதிக நேரம் நிற்கவில்லை, சீக்கிரமே ஒரு வெறுமை வந்து உட்கார்ந்துவிட்டது என்று. ஊரே கொண்டாடிய அந்த வருஷக் கடைசியில் உள்ளே அப்படி ஒரு மனிதர்.

பத்தாம்நம்பர்

அவருடைய கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆட்டத்தை ஆட்டமாகப் பேசுவோம்.

2005இல் லயன்ஸ் (இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்த அணி) நியூசிலாந்துப் பயணம். வெலிங்டன், இரண்டாவது டெஸ்ட். ஒரு பக்கம் வில்கின்சன், எதிரே கார்ட்டர். 48-18. கார்ட்டர் மட்டும் 33 புள்ளி, அதில் ரெண்டு டிரை. ஒன்றில் பந்தைத் தட்டிவிட்டுத் தானே துரத்திப்போய் விழுந்தார். வில்கின்சன் அடிபட்டு வெளியே போனார். இருவரையும் ஒரே புல்தரையில் வைத்துப் பார்த்த நாள் அது, விடை கிடைத்துவிட்டது.

2001 லயன்ஸ் பயணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெல்போர்னில் இவர் எறிந்த பாஸை ஆஸ்திரேலியாவின் ஜோ ராஃப் நடுவில் பறித்துப் போய் டிரை போட்டார், தொடரே அங்கே திரும்பியது.

கண்டிக்காரன்

தம்பி, 2005இல் அந்தப் பையன் ஒன்றரை வருசம் காயத்தோடு கிடந்து போனவன். முதல் டெஸ்டில் அவரைப் பன்னிரண்டாம் இலக்கத்தில் விட்டார்கள், இரண்டாவதில் பத்து. கார்ட்டரோ 23 வயது, உடம்பில் ஒரு கீறல் இல்லை. அன்றைக்குக் கார்ட்டருக்கு எதிரே யாரை நிறுத்தியிருந்தாலும் அதே கதிதான்.

2003 ஜூனில் அதே வெலிங்டனுக்கு வில்கின்சன் நல்ல உடம்போடு போனாரே, அதைச் சொல்லேல்லை? இங்கிலாந்து 15, நியூசிலாந்து 13. பதினைந்தும் அவருடையது. ஒரு கட்டத்தில் இங்கிலாந்துக்குக் களத்தில் பதின்மூன்று பேர்தான் இருந்தினம்.

பத்தாம்நம்பர்

அந்தப் பதின்மூன்று பேர் ஆட்டம் முன்வரிசையின் வெற்றி. ஸ்க்ரம்மில் (இரு அணி முன்வரிசைகளும் தோளோடு தோள் கோர்த்துத் தள்ளுவது) ஆறு பேர் எட்டுப் பேரைத் தடுத்தார்கள். மறுபடியும் அதே கதை, வேலை ஒருத்தர், பெயர் ஒருத்தர்.

கோல்கம்பம்

அதனால்தான் துலோனுக்கு வாருங்கள் என்கிறேன், ஒருத்தரும் வர மாட்டேன் என்கிறீர்கள்!

2008இல் முழங்கால் சில்லு விலகியது, பருவமே போய்விட்டது. பன்னிரண்டு வருஷம் இருந்த நியூகாசிலை விட்டு 2009இல் கிளம்பினார். முப்பது வயது. பலரும் முடிந்துபோன ஆள் என்றுதான் நினைத்தார்கள். துலோன் அப்போது பல வருஷமாகப் பெரிதாக எதையும் வெல்லாத அணி. காமிக்ஸ் பதிப்பாளரான முராத் புஜெலால் அதை வாங்கி, உலகம் முழுவதிலுமிருந்து ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தை ஒட்டிய மயோல் மைதானம், ஆட்டத்துக்கு முன் ஊரே சேர்ந்து கத்தும் பிலூ-பிலூ முழக்கம். பேசவே கூச்சப்படுகிற இந்த ஆங்கிலேயர் அந்தச் சத்தத்துக்குள் போய், பிரெஞ்சு கற்றுக்கொண்டு, அந்த ஊர்ப் பிள்ளையாகவே ஆகிவிட்டார்.

உடனே எதுவும் கிடைக்கவில்லை. 2010இல் ஐரோப்பிய சேலஞ்ச் கோப்பை இறுதியில் கார்டிஃபிடம் தோல்வி. 2012இல் இரண்டு இறுதி ஆட்டம், இரண்டும் தோல்வி. இதற்கு நடுவே 2011 உலகக் கோப்பையில் உதைகள் தவறின, பந்து சரியில்லை என்று ருமேனியா ஆட்டத்தில் பயிற்சியாளர்கள் பந்தையே மாற்றிக் கொடுத்து, ஆல்ரெட்டும் பால் ஸ்ட்ரிட்ஜனும் ஓர் ஆட்டத்துக்குத் தடை வாங்கினார்கள். காலிறுதியில் பிரான்ஸிடம் 19-12. அந்த டிசம்பரில் இங்கிலாந்து ஆட்டத்திலிருந்து ஓய்வு. 1,179 புள்ளி, அவ்வளவுதான் என்று எல்லோரும் கணக்கை மூடிவிட்டார்கள்.

அப்புறம் பாருங்கள். 2013 ஹைனகன் கோப்பை (ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய போட்டி) காலிறுதி, லெஸ்டரை 21-15, இருபத்தொன்றும் இவர். அரையிறுதி, அதுவும் இங்கிலாந்தின் டுவிக்கனம் மைதானத்தில், சரசன்ஸை 24-12, இருபத்துநான்கும் இவர். இறுதியில் டப்ளினில் கிளெர்மான்டை 16-15. டெலன் ஆர்மிடாஜ் போட்ட டிரைக்கு இவர் உதைத்த கன்வர்ஷன்தான் அந்த ஒரு புள்ளி வித்தியாசம். அடுத்த வருஷம் 35ஆவது பிறந்தநாளுக்கு முதல்நாள் கார்டிஃபில் சரசன்ஸை 23-6, மறுபடி கோப்பை. ஒரு வாரம் கழித்து பிரெஞ்சு லீக் இறுதி, முந்தைய வருஷம் தங்களைத் தோற்கடித்த காஸ்த்ரை 18-10, அதில் 15 புள்ளி இவர். அதுதான் கடைசி ஆட்டம். இரண்டு கோப்பையோடு ஓய்வு.

பத்தாம்நம்பர்

மறுபடி 21, 24 என்று உதைக் கணக்கைத்தானே சொல்கிறீர்கள் :)

தவிர, அந்தத் துலோன் அணியில் மேட் கிடோ, பாஸ்தாரோ, பாக்கீஸ் போத்தா என்று யார்தான் இல்லை? பணம் கொட்டிச் சேர்த்த கூட்டம்.

ஈஸ்ட்ஹாம்வாசி

நட்சத்திரக் கூட்டத்தை ஓர் அணியாக ஆட வைப்பது லேசுப்பட்ட வேலையா? பணம் கொட்டி, ஒன்றும் கிடைக்காமல் போன கிளப்புகள் ஐரோப்பாவில் நிறைய.

கோல்கம்பத்தின் கட்சியோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. சிட்னி இல்லாமல் துலோன் இல்லை, அந்த மனிதர் பெயரைக் கேட்டே அங்கே பாதிப் பேர் சேர்ந்திருப்பார்கள். ஆனால் 2013 அரையிறுதியை முழுசாகப் பார்க்கச் சொல்வேன். எதிரே பத்தாம் எண்ணில் ஓவன் ஃபாரல், 21 வயது, அவருக்குப் பின் இங்கிலாந்து தேடிப்பிடித்த வாரிசு. கடைசிப் பத்து நிமிடத்துக்குள் வில்கின்சன் டிராப் கோலுக்குப் பின்னால் தள்ளி நிற்கிறார். ஃபாரலுக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும், கையை உயர்த்திக்கொண்டு முழு வேகத்தில் பாய்கிறார். பந்து அவர் விரல்களுக்கு மேலே போகிறது. வில்கின்சன் அது உள்ளே போனதா என்று நின்று பார்க்கக்கூட இல்லை, தன் இடத்துக்கு ஓட ஆரம்பித்துவிட்டார். கீதா, டிராப் கோல் கஷ்டமா என்று கேட்டீர்களே, அதற்கு இந்த ஆட்டத்தைப் பாருங்கள்.

கீதா_வே

சுருக்கக் காணொளி கிடைத்தது, பார்த்துவிட்டேன். எனக்கு டிராப் கோலைவிட, அதற்கு அப்புறம் மறுபடி டேக்கிளுக்கு ஓடியதுதான் ஆச்சரியம். 33 வயதில், அத்தனை காயத்துக்கு அப்புறம், இன்னும் தோளைக் கொடுத்து மோதுகிறார். கண்டிக்காரன் அண்ணா சொன்னது இதுதானா?

கண்டிக்காரன்

ஓம், அதேதான். அவரை யாராலும் திருத்த முடியேல்லை.

பத்தாம்நம்பர்

முழு ஆட்டத்தின் இணைப்பு யாரிடமாவது இருந்தால் தனிமடலில் அனுப்புங்கள், வார இறுதியில் பார்க்கிறேன். டேக்கிளுக்கு அரை மதிப்பெண் கூட்டித் தருகிறேன். பத்தாம் எண்ணுக்கு என் ஓட்டு இன்னும் கார்ட்டருக்குத்தான்.